கோட்டையாரின் ஏழாம் படி

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அந்த வழக்கத்தைப் பதினாறாம் நாளன்றே பென்ஷனர் சங்கத்துக்காரர்கள் குறைவில்லாமல் நிறைவேற்றிவிட்டார்கள். "கலைநயம் மிக்க மனிதர்" என்று ஒருவர் கண் கலங்கப் பேசினார். கலைநயமாம்! அவர் கட்டிய வீட்டுக்குள் ஒரு சித்திரை மாசத்து மத்தியானம் அந்தப் பேச்சாளரை உட்கார வைத்திருக்க வேண்டும். நான் நல்லதாகப் பேசப் போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம். எங்கள் நிலக்கரி டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் இல்லை. கோட்டையார் என்றால் பால்காரருக்குக்கூடத் தெரியும். நாங்கள் கேலியாக வைத்த பெயர்தான் அது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

முப்பத்து மூன்று வருஷம் டிராயிங் ஆபீஸில் உத்தியோகம். வரைந்ததெல்லாம் மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அதன்மேல் போடுகிற சின்னச் சின்னக் கல்வெர்ட்டுப் பாலம். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையிலும் எங்கள் பிளாக் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. அந்த வாய்க்காலைப் போட்டது அவர்தான். ஆனால் அதைப் பற்றி ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மனிதர் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. பேசியதெல்லாம் வேறொருவன் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கட்டி வைத்த கோட்டையைப் பற்றித்தான்.

அந்தக் கோட்டை இருப்பது பிரான்ஸ் தேசத்தின் நடுவில், பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு கிராமத்தில். அவருடைய மகள் அங்கேதான் இருக்கிறாள். மருமகனுக்கு டயர் கம்பெனியில் வேலை. ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் லீவு போட்டுவிட்டு அவரும் அவர் மனைவி சரோஜா அக்காவும் போய் மூன்று மாசம் இருந்துவிட்டு வந்தார்கள். போகும்போது சாதாரண மனிதராகப் போனார். திரும்பி வரும்போது பிரபுவாக வந்தார்.

நாங்கள் இரட்டைக் குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு. சமையல்கட்டு ஜன்னல் இரண்டும் பின்கட்டில் எதிரும் புதிருமாக இருக்கும், நடுவில் ஒரு கொய்யா மரம். அந்த ஜன்னல் வழியாகத்தான் அக்காவும் நானும் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினோம். ரசம் அந்தப் பக்கம் போகும், கீரைக் கூட்டு இந்தப் பக்கம் வரும். மாமியார் கதை, மகன் மார்க், ஷிப்ட் மாறின கோபம் எல்லாம் கம்பிக்கு நடுவில்தான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். பகலெல்லாம் ஊரார் பேச்சுக்குக் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு வந்து, என் பேச்சை அந்த ஜன்னலில்தான் பேசுவேன்.

ஆபரேட்டர் வேலையில் ஒரு தேர்ச்சி வரும். குரலைக் கேட்டே இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று சொல்லிவிடலாம். கோட்டையார் விஷயத்தில் மட்டும் அந்தத் தேர்ச்சி உதவவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஆரம்பிப்பார். முதலில் மண்ணைக் குவித்து மேடு போட்டு அதன்மேல் மரத்தால் ஒரு கோபுரம் கட்டினார்கள். அது எரிந்துபோனது. பிறகு அதே மேட்டில் கல்லால் வட்டக் கோபுரம். எரிமலைக் கல், கன்னங்கரேல் என்று இருக்கும். "நம்ம நிலக்கரியைவிடக் கறுப்பும்மா" என்பார். அப்புறம் சுற்றிலும் மதில், மூலைக்கு மூலை கொத்தளம், முன்னால் தண்ணீர் இல்லாத அகழி, அதன்மேல் தூக்குப்பாலம். மதில் உச்சியில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு நடை. அந்த நடையின் தரையில் ஓட்டை விட்டிருப்பார்கள், கீழே வந்து நிற்கிறவன் தலையில் கல்லைப் போடுவதற்கு. என் ரேஷன் கார்டு நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. இது எல்லாம் மனப்பாடம்.

அதோடு போனாலும் பரவாயில்லை. நம் ஊரில் எதைப் பார்த்தாலும் அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி மட்டம் தட்டாமல் அவரால் இருக்க முடியாது. புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். "சுவரு கனம் பாத்தீங்களா? அங்க ஒம்பது அடி." என் தம்பி வடலூரில் வீடு கட்டிப் புதுமனைப் புகுவிழாவுக்கு எல்லோரையும் கூப்பிட்டான். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது வீடு இல்லப்பா, தீப்பெட்டி" என்று அவனிடமே சொன்னார். தம்பி பெண்டாட்டி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். வாங்கின கடனுக்கு அவள் நகை பூராவும் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சரி, மனுஷன் மனசு கஷ்டப்பட்டு நிற்கிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் கோட்டைக்குள்ள சின்னதா ஒரு சர்ச் இருக்கும்மா. அதுல பிரபுவோட சமாதி. கல்லுல அவரையே படுக்க வெச்ச மாதிரி செதுக்கியிருக்காங்க. காலடியில ஒரு நாய். நாய்னா விசுவாசம்னு அர்த்தம்" என்றார்.

கூடத்தில் என் கொழுந்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நாய் என்றாலே ஆகாது. தெருநாய்க்குப் பயந்து சைக்கிளைச் சுற்று வழியில் ஓட்டிக்கொண்டு வருவார். அக்காதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்கு அழுகையோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. இந்த மனிதருக்கு எதிரில் நிற்கிற ஆள் கண்ணுக்கே தெரியாதா என்று.

அக்கா ஒரு நாள் ஜன்னலில் காரணம் சொன்னாள். "அங்க பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கம்மா. பொண்ணும் மாப்பிள்ளையும் காலையில போனா ராத்திரிதான். இவருக்குப் பாஷை தெரியாது. தெருவுல ஆளே கிடையாது. நான் பேத்தியை வெச்சுக்கிட்டு இருப்பேன். இவரு தெனம் நடந்து அந்தக் கோட்டைக்குப் போயிடுவாரு. டிக்கெட் குடுக்கற அம்மா ஒருத்திதான் இவரைப் பாத்து சிரிச்சு வணக்கம் சொல்றவ. அதுக்காகவே போவாரு."

கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்பதற்காக ஒரு மனிதர் ஊரில் உள்ளவர்களை எல்லாம் வதைக்கலாமா? பெண்டாட்டியை வதைக்கலாமா?

எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு விஷயம் உண்டு. எத்தனை வருஷம் இருந்தாலும் வீடு நம்முடையது இல்லை. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் எல்லோரும் சர்வீஸில் இருக்கும்போதே வெளியே ஒரு மனை வாங்கிப் போடுவார்கள். அக்காவும் நானும் சேர்ந்தே அலைந்து, மந்தாரக்குப்பம் தாண்டிக் கம்மாபுரம் போகிற ரோட்டுப் பக்கம் ஆளுக்கு ஐந்து சென்ட் பார்த்தோம். இரண்டு தெருவில் முதுகோடு முதுகு ஒட்டின மனைகள். எதற்குத் தெரியுமா? அங்கேயும் சமையல்கட்டு ஜன்னல் இரண்டையும் எதிரெதிராக வைப்பதற்கு. நடுவில் காம்பவுண்டுச் சுவரே வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. படுக்கை அறை கீழேயே இருக்க வேண்டும், சமையல்கட்டில் பெரிய ஜன்னல் வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் அடுப்படியில் நின்ற ஒருத்தி கேட்டது இந்த இரண்டே இரண்டுதான்.

கோட்டையார் பிளான் வரைந்தார். வாய்க்கால் தவிர வேறு வரையாத கை. ஆறு மாசம் வரைந்தார்.

ஒன்றரை அடிச் சுவர். வீட்டு மூலையில் வட்டமாக ஒரு கோபுரம், அதற்குள் சுழன்று ஏறுகிற படி. படுக்கை அறை மாடியில். பிரபு மேலேதான் படுப்பாராம். ஜன்னல் என்று எதுவும் இல்லை. சுவருக்குச் சுவர் அம்பு விடுகிற துளை. உள்ளே அகலமாக ஆரம்பித்து வெளியே போகப் போகக் குறுகி நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஆள் உயரக் கோடு. பின்பக்கம் கதவே கிடையாது.

"பின்கட்டுக்குக் கதவு வேணாமா சார்?" என்று நானே கேட்டேன்.

"எந்தக் கோட்டைக்கும் பின்பக்கம்தாம்மா பலவீனம். எதிரி அந்தப் பக்கமாத்தான் வருவான்."

அவர் வீட்டுக்குப் பின்பக்கம் இருப்பது என் வீடு.

கட்டின மேஸ்திரி கொளஞ்சி. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்து ஆள். அவர் கட்டின வீடுகள் அந்த ரோடு நெடுக இருக்கின்றன. வாஸ்து பார்க்கிறவர்கள், நடிகர் வீட்டுப் படத்தைக் காட்டி அதேபோலக் கேட்கிறவர்கள் என்று எல்லாவிதமான கிறுக்கையும் பார்த்தவர். இந்தப் பிளானைக் கையில் வாங்கியவர் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படி வேலை நடக்கும்போது நான் அங்கே இருந்தேன்.

"சார், ஏழாம் படி மட்டும் ரெண்டு அங்குலம் ஒசரமா போட்டுகினு கெடக்குது. பிளான்ல தப்பா இருக்குதுங்களா?"

"தப்பு இல்ல மேஸ்திரி. வேணும்னேதான். எதிரி வாளைத் தூக்கிக்கிட்டு வேகமா ஏறி வருவான் பாருங்க, கால் பழகின ஒசரத்துக்கே தூக்குவான். அந்த ஒரு படியில தடுக்கி விழுவான். நம்ம ஆளுக்கு எந்தப் படின்னு தெரியும். அங்க அப்படித்தான் போட்டிருக்காங்க."

கொளஞ்சி யோசித்தார். "அப்புறம் ஏங்க படி வலப்பக்கமா சுத்திகினு போவுது?"

"ஏறி வர்றவனுக்கு நடுத்தூணு வலது கைப் பக்கம் இடிக்கும். வாளை வீச முடியாது. மேல நிக்கிறவனுக்குத் தாராளமா இடம் இருக்கும்."

"சரிங்க. ஒண்ணு கேட்டா கோச்சிக்காதீங்க. உங்களுக்கு யாருங்க எதிரி?"

கோட்டையார் பிளானைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். நான் சிரித்ததை அவர் மன்னிக்கவே இல்லை.

அக்கா சண்டை போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டாள். ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், ஒரு நாள் பட்டினியும் கிடந்தாள். போட்டோ ஆல்பத்தை எடுத்து வந்து காட்டினாள். அந்தக் கோட்டையிலேயே ஒரு பக்கத்துக் கறுப்புச் சுவரின் நடுவில் பெரிய ஜன்னல் இருக்கிறது. உயரமாக, நடுவில் கல்லால் குறுக்குச் சட்டம் போட்டு, உள்ளே இரண்டு பக்கமும் உட்காரத் திண்டு வைத்து.

"இது மாதிரி ஒண்ணு வெச்சிடுங்களேன். இதுவும் அங்க இருக்கறதுதானே? நானும் கூட வந்த அன்னிக்கெல்லாம், நீங்க சுத்திப் பாக்கற வரைக்கும் பேத்தியை மடியில வெச்சுக்கிட்டு இங்கதான் உக்காந்திருப்பேன். என்ன காத்து!" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது முதல்ல இருந்தது இல்ல. சண்டையெல்லாம் ஓய்ஞ்சு எத்தனையோ தலைமுறை கழிச்சு வந்தான் ஒருத்தன், சொகுசுக்காரன். அம்புத் துளையை இடிச்சுட்டு ஜன்னல் வெச்சான். கோட்டையோட மானத்தையே வாங்கிட்டான். அதைப் போயி கேக்கறியே."

அதோடு முடிந்தது. வீடு எழும்பியது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் பாதி செங்கல் சூளை மாதிரியும் பாதி பெட்ரோல் பங்க் கக்கூஸ் மாதிரியும் இருக்கும். அதற்குக் கறுப்புப் பெயின்ட் வேறு. கறுப்பு! கடலூர் மாவட்டத்து வெயிலில்!

புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தவர்களைக் கூடத்தில் நிற்க வைத்துக் கோட்டையின் சரித்திரத்தைச் சொன்னார். புழுக்கத்தில் ஐயர் மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு தடவை இங்கிலீஷ்காரப் படை வந்து மாசக் கணக்கில் முற்றுகை போட்டது. உள்ளே கிணறு இருந்தது, தானியம் இருந்தது. கல் எறிகிற யந்திரம் கொண்டு வந்து அடித்தார்கள், சுவர் அசையவில்லை. சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள், அடியில் பாறை. கடைசியில் எப்படி விழுந்தது தெரியுமா என்று ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"உள்ள இருந்த ஒரு பொம்பளை. பின்பக்கம் சின்னதா ஒரு திட்டிவாசல் இருந்துது, ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்கு. ஒரு நாள் விடியக்காலம் அதைத் தொறந்து விட்டுட்டா. அவ்வளவுதான். எதிரியால முடியாததை அவ பண்ணிட்டா. அதனாலதான் நான் பின்பக்கம் கதவே வெக்கல."

எல்லோரும் தலையாட்டினார்கள். சாப்பாட்டு இலை எப்போது போடுவார்கள் என்ற யோசனை அவர்களுக்கு. அக்கா மட்டும் கேட்டாள். "அவ ஏன் தொறந்தாளாம்?"

"அதெல்லாம் எழுதல" என்றார் கோட்டையார்.

இனிமேல் நான் சொல்லப் போவது எங்கள் டவுன்ஷிப் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். உள்ளே இருக்கிறவரை எங்களுக்குக் கரண்ட் போவது என்றால் என்னவென்றே தெரியாது. பக்கத்திலேயே நிலக்கரியை வெட்டிப் பக்கத்திலேயே எரித்துக் கரண்ட் எடுக்கிற ஊர். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், அது சூரியன் உதிப்பது மாதிரி. முப்பது வருஷம் அப்படி இருந்துவிட்டு வெளியே வீடு கட்டுகிற பாதிப் பேர் காற்றோட்டத்தை யோசிப்பதில்லை. இவர் அதையே கொள்கையாக வைத்துக் கட்டினவர். "ஃபேன் இருக்கு, ஏசி இருக்கு. ஜன்னல் எதுக்கு? தூசிதான் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்களும் நானும் புது வீடுகளுக்குக் குடிபோன முதல் சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஐந்து நிமிஷத்தில் வரும் என்று உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம் வரவில்லை. மறுநாளும் போனது. அந்த ஒன்றரை அடிச் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் கக்கும். புகை போக வழியில்லாமல் தாளித்த நெடி கூடம் வரை வந்து நிற்கும். அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கழுத்தே சிவந்துபோயிருந்தது. நான் என் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே கறுப்புச் சுவரில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் அக்காவின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரியும்.

"ரசம் வெச்சேன்க்கா. கிண்ணம் இதுல வராதே" என்பேன்.

"டம்ளரே வராது. சுத்திக்கிட்டு வா" என்பாள். சுற்றிக்கொண்டு போக வேண்டுமானால் தெருக்கோடி வரை நடந்து அடுத்த தெருவுக்குள் திரும்பி வர வேண்டும். ரசம் ஆறிப்போகும்.

இந்த நேரத்தில் பிரபு எங்கே? கரண்ட் போன உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டோரப் புங்க மரத்தடி டீக்கடைக்குப் போய்விடுவார். அந்த நிழலில் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, வெயிலுக்கு ஒதுங்குகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கெட்டிச் சுவரின் மகிமையை எடுத்துச் சொல்வார். கெட்டிச் சுவருக்குள்ளே பெண்டாட்டி வெந்துகொண்டிருப்பாள். இதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் எழுத முடியாது.

வைகாசியில் அது நடந்தது. மத்தியானம், கரண்ட் இல்லை. அக்கா துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மாடியில் காயப்போட ஏறினாள். கோபுரத்துக்குள் நாலு விரல் வெளிச்சம். வாளி வலது கையில். நடுத்தூணில் வாளி இடித்தது. கை திரும்ப இடமில்லாமல் தடுமாறினபோது கால் ஏழாம் படியில் இடறியது. எதிரிக்கு என்னென்ன ஆகும் என்று அவர் கொளஞ்சியிடம் சொன்னாரோ, அதெல்லாம் ஒன்று விடாமல் அக்காவுக்கு ஆனது.

நான் என் சமையல்கட்டில் இருந்தேன். சத்தம் கேட்டது. "அக்கா, அக்கா" என்று அந்தக் கோட்டு வழியாகக் கத்தினேன். முனகல்தான் வந்தது. பின்பக்கம் கதவு இல்லை. பத்தடி தூரத்தில் ஒருத்தி விழுந்து கிடக்கிறாள், நான் செருப்பில்லாமல் தெருவைச் சுற்றி ஓடுகிறேன். அந்த ஓட்டத்தில் அவரைத் திட்டினதுபோல வாழ்க்கையில் நான் யாரையும் திட்டினதில்லை.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நெற்றியில் நாலு தையல். ஆஸ்பத்திரிக்கு டீக்கடையிலிருந்து நேராக வந்தார். முகம் வெளுத்துத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அக்காவின் கட்டுப்போட்ட கையை விரல் நுனியால் தொட்டார். பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் அவரை மன்னித்திருப்பேன்.

"ஏழாவதுன்னு எத்தனை தடவ சொன்னேன்? எண்ணிக்கிட்டு ஏறணும்னு சொன்னேனா இல்லையா?" என்றார். அதோடு விடாமல், எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் திரும்பினார். "டாக்டர், இது அந்தக் காலத்து டெக்னிக். எண்ணூறு வருஷம் ஆனாலும் வேலை செய்யுது பாருங்க."

டாக்டர் சின்னப் பெண். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். நானாக இருந்தால் அந்தக் கொஞ்சம் என்ற வார்த்தையைச் சேர்த்திருக்க மாட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது. வலி என்று டாக்டர் நினைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பென்ஷனர் சங்கத்து மாதக் கூட்டம். கோட்டையார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே போய்விட்டார். பத்து நிமிஷத்தில் உள்ளே எங்கோ உடைக்கிற சத்தம், ஒரு மணி நேரம் கழித்துப் பின்சுவரிலேயே டமால் டமால். நான் பின்பக்கம் ஓடி வந்து நின்றேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு செங்கல் வெளியே வந்து என் காலடியில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஓட்டைக்குள் கொளஞ்சியின் முகம் தெரிந்தது, மீசை எல்லாம் சிமென்ட் தூள்.

"தள்ளி நில்லுங்கம்மா. ஒன்றரை அடி சொவரு, நாங்கட்டுனதுதான். ஒடைக்கறதுக்கு நானே சாவ வேண்டியிருக்குது."

"யாரு உடைக்கச் சொன்னது மேஸ்திரி?"

"வூட்டுக்காரம்மாதான். நேத்தே போன் பண்ணிட்டாங்க. மொதல்ல படிய ஒடச்சி சமமா பூசிட்டேன். இப்ப இது. ஜன்னலு, பக்கத்துலயே ஒரு கதவு."

அவருக்குப் பின்னால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையைத் தூளி மாதிரி துணியில் தொங்கவிட்டிருந்தாள். முதல் தடவையாக என் வீட்டுப் பக்கத்திலிருந்து அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். தூசி படிந்து, வேர்த்து, சிரித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆவதற்குள் மூன்றடிக்கு நாலடி திறந்தாகிவிட்டது. மேலே கொளஞ்சி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கோட்டையார் திரும்பி வந்தார். சமையல்கட்டு வாசலில் நின்றார். சுவரைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார், வெளியே செங்கல் குவியல் மேல் நிற்கிற என்னைப் பார்த்தார். எதிரி அந்தப் பக்கமாகத்தான் வருவாள் என்று அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது.

"யாரக் கேட்டு உடைச்ச?" என்றார் அக்காவிடம். "எவ்வளவு படிச்சு, எவ்வளவு அளந்து போட்ட சுவரு அது. ஒரு நாள் நான் இல்லேன்னதும்..."

அக்கா எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"அந்தக் கோட்டையில ஒருத்தி கதவத் தொறந்து விட்டாளே, அவ ஏன் தொறந்தான்னு கேட்டேன். அதெல்லாம் எழுதலன்னீங்க. எழுதினவனும் உங்கள மாதிரி ஆம்பளயா இருந்திருப்பான். எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. உள்ள வெந்து செத்திருப்பா. கொஞ்சம் காத்து வரட்டும்னுதான் தொறந்திருப்பா."

கொளஞ்சி வாயில் துண்டை வைத்துக்கொண்டார். நான் அதுகூட வைத்துக்கொள்ளவில்லை, உரக்கச் சிரித்தேன். 

அக்கா இடது கையால் பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றினாள், பாதி கீழே சிந்தியது. டம்ளரை அந்த ஓட்டை வழியாக எனக்கு நீட்டினாள். சூடாக இருந்தது. அப்புறம் இன்னொரு டம்ளர் ஊற்றிப் புருஷனுக்கும் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டார். இரண்டடி நகர்ந்து, காற்று வருகிற இடமாகப் பார்த்து நின்று குடித்தார்.